கைக்கு மண்ணு, குரலுக்குச் சளி

— இன்னும் கொஞ்சம் பூசு அண்ணே. மணிக்கட்டு வரைக்கும் வரணும்.

— வெரலு இடுக்குல போடறேன் இரு தம்பி. இடுக்குலதான் மண்ணு நல்லா ஒட்டும். இந்த ஆசீர்வாதம் கையைப் பாரு, என் கையை, தேச்சுத் தேச்சுக் கழுவினாலும் போவாது. உன் கையி என்னா, கொழந்த கையாட்டம் இருக்குது.

— ஸ்டேஷன்ல டிக்கெட்டு குடுக்கற கை அண்ணே. நாள் பூரா சின்ன ஓட்டையில நீட்டறதும் மடக்கறதும்தான. வேற எப்படி இருக்கும்?

— நாடகம் எப்போ?

— எந்த நாடகம்?

— நீதான சொன்ன. சர்ச்சுல நாடகம் இருக்குது, அதுக்குத்தான் மண்ணு பூசணும்னு.

— ஆங். ஆமா. இன்னிக்கு ஒத்திகை.

— உனக்கு என்னா வேஷம்?

— யாக்கோபு.

— யாக்கோபு நல்லவனா, கெட்டவனா?

— அதை இன்னும் முடிவு பண்ணலண்ணே.

— அவனும் பீங்கான் கம்பெனியில மண்ணு பெசையறானா?

— இல்ல. அவன் ஆட்டுத்தோலைக் கையில கட்டிக்கினு போனான். நாம தோலுக்கு எங்க போறது? அவன் அண்ணன் ஏசாவோட கையி சொரசொரன்னு இருக்கும். அப்பா ஈசாக்குக்குக் கண்ணு தெரியாது, தடவிப் பார்த்துத்தான் மூத்தவனை ஆசீர்வாதம் பண்ணுவாரு. அதுக்குத்தான்.

— நம்ம அப்பா மாதிரி.

— கதையில சொல்றேன் அண்ணே.

— ஏசா வேஷம் யாரு போடறது?

— ஏசா இப்ப மேடைக்கு வர மாட்டாரு. அப்பாவுக்குக் கறி கொண்டாரதுக்கு வேட்டைக்குப் போயிருக்காரு.

— ஆசீர்வாதம் மீனு வாங்கப் போற மாதிரி. அப்பாவுக்கு விரால் மீனு வேணுமாம். தின்னுட்டு, ஆசீர்வாதத்தோட தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுவாராம். நாளைக்குக் காலையில பாண்டிச்சேரிக்குப் போறாரில்ல, கண்ணு ஆபரேசனுக்கு. அதுக்கு முன்னாடி பண்ணணுமாம்.

— தெரியும். சட்டையைக் கழட்டிக் குடு. எனக்கு அது வேணும்.

— இது நாறும் தம்பி. வேர்வையும் மண்ணும்.

— நாறணும். நீ என் சட்டையைப் போட்டுக்க.

— ஐ, இஸ்திரி போட்டது. பை வச்சது. ஆசீர்வாதம் டேசன் மாஸ்டரு.

— மாஸ்டரேதான். பஸ்ஸுக்கு நேரமாவுது. சேத்தியாத்தோப்புல எறங்கத் தெரியுமில்ல?

— கண்டக்டர் பக்கிரி எறக்கி வுடுவாரு. மீனையும் அவரே பார்த்து வாங்கிக் குடுப்பாரு. தம்பி, உன் பொண்டாட்டி கமலம் நேத்து ஏன் அழுதுச்சு? உங்க வூட்டுக் கொல்லையில ஒக்காந்துக்கினு, முந்தானையை வாயில வச்சிக்கினு.

— இந்தத் தடவையும் தங்கலண்ணே.

— என்னா தங்கல?

— கொழந்த. அப்பா கையால பெரிய ஆசீர்வாதம் ஒண்ணு வாங்கினா தங்கும்னு கமலத்துக்கு நம்பிக்கை. எனக்கும்தான். நம்ம குடும்பத்துல அது ஒரு தடவைதான். மூத்தவன் தலைக்குத்தான். உனக்குத்தான் வரும்.

— எனக்கு எதுக்கு அது? நான்தான் ஆசீர்வாதமாச்சே.

— அதையேதான் கமலமும் சொல்லுது. உனக்கு எதுக்குன்னு.

— அப்பாகிட்ட நான் சொல்றேன். தம்பிக்குக் குடுப்பான்னு.

— வேணாம், வேணாம். சொல்லாத. நான் தனிக்குடித்தனம் போனதுலேர்ந்து அவரு என் பேரையே எடுக்கறதில்ல. நீ கெளம்பு.

— திரும்பி வந்ததும் அந்தக் கட்டிலு வூட்டுக்குப் போலாமா? அன்னிக்குக் கூட்டிக்கினு போனியே, திட்டக்குடி தாண்டி. கட்டிலு வரிசையா போட்டிருந்தாங்களே. ஒரு ஆளு ஆசீர்வாதத்துக்கு அளவெடுத்தாரு, சட்டை தைக்க.

— அதை அப்பாகிட்ட சொன்னியா?

— நீதான சொல்லாதன்னு சொன்ன.

— சொல்லலையில்ல?

— சொல்லல. தம்பி சொல்லாதன்னு சொன்னான்னு மட்டும் சொன்னேன்.

— ...பஸ்ஸு வந்துரும். போயிட்டு வா அண்ணே.

— போயிட்டு வரேன். தம்பி, மொகத்துலயும் கொஞ்சம் பூசிக்க. அப்பத்தான் ஆசீர்வாதம் மாதிரியே இருப்ப.

*

— அப்பா.

— யாரு?

— ஆசீர்வாதம் வந்திருக்குது.

— அதுக்குள்ளயா? சேத்தியாத்தோப்புக்கு பஸ்ஸு ஓடுச்சா, பறந்துச்சா?

— மீனு இங்கியே கெடச்சுடுச்சுப்பா. ஜங்ஷன்கிட்ட.

— ஜங்ஷன்ல விராலா? எந்த வண்டியில வந்து எறங்குச்சு? டிக்கெட்டு வாங்கினு வந்துச்சா, இல்ல சும்மா ஏறி வந்துடுச்சா?

— கூடைக்காரி வச்சிருந்தாப்பா. அடுப்புல கொதிக்குது.

— கொதிக்கட்டும். குரலு ஏன்டா கம்முது?

— சளி.

— இந்த வெயில்லயா? சூளைக்காரன் வூட்டுல சளி புடிச்ச மொத ஆளு நீதான். நான் சூளை எரிச்ச காலத்துல நம்ம தெருவுல ஒருத்தன் தும்மினது கெடையாது, தெரியுமில்ல? கொசு பறந்து வரும், பொரிஞ்சு வுழும். நெய்வேலியில ஏன் பூமியைத் தோண்டினான்னு நெனைக்கற? நான் மூட்டின தீ வெளிச்சத்தைத் தூரத்துலேர்ந்து பார்த்துட்டு, இந்தப் பக்கம் பூமிக்குள்ள ஏதோ எரியுதுன்னு வந்தவன்தான். தோண்டினான், கரி கெடச்சுது. எனக்கு ஒரு நன்றி சொன்னானா? பொய் சொன்னா என் மீசை உதிந்து போவட்டும்.

— உங்களுக்கு மீசையே இல்லியேப்பா.

— எல்லாம் அப்படி உதிந்ததுதான்.

— சரிப்பா.

— சிரிக்கலியா? ஆசீர்வாதம் இதுக்கு உருண்டு சிரிப்பானே. அது கெடக்கட்டும், என்னா சொன்ன? உங்களுக்கா? இன்னிக்கு மரியாதை தூக்கலா இருக்குது. நேத்து வரைக்கும் 'அப்பா, நீ தின்னியா, நீ படுத்துக்க'ன்னு இருந்த.

— தம்பி சொல்லிக் குடுத்தான்ப்பா. பெரியவங்களை நீங்கன்னு சொல்லணும்னு.

— தம்பி வேற என்னா சொல்லிக் குடுத்தான்?

— ஒண்ணும் இல்ல.

— கிட்ட வா. கையைக் குடு. ம். சொரசொரப்பு சரியா இருக்குது. வெரலு இடுக்குல வரைக்கும் மண்ணு. கையி என் மூத்தவன் கையேதான். ஆனா ஈரம் காயலியே ராசா. இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, கம்பெனி ஏது?

— தொட்டியைக் கழுவினேன்ப்பா.

— ஞாயித்துக்கெழமையில தொட்டி கழுவற ஒரே ஆளு நீதான்டா. பரலோகத்துல உனக்குன்னு ஒரு தொட்டி கட்டி வச்சிருப்பாங்க. சரி, முட்டி போட்டு ஒக்காரு. தலையைக் காட்டு.

— தலையில எதுக்கு தட்டறீங்க... தட்டற?

— சூளையிலேர்ந்து எடுத்த கோப்பையைத் தட்டிப் பார்க்காம எவனாச்சும் வெளிய குடுப்பானா? வெரலால ஒரு சுண்டு. நல்லதுன்னா மணியாட்டம் கேக்கும். உள்ள விரிசல் இருந்தா தொப்புன்னு கேக்கும். பார்க்கறதுக்குப் பளபளன்னுதான் இருக்கும். டீ ஊத்தினாத்தான் தெரியும்.

— என் தலை எப்படிக் கேக்குது?

— டீ ஊத்திப் பார்த்துடலாம். அவசரம் என்னா?

— நேரமாவுதுப்பா. சீக்கிரம் ஜெபம் பண்ணு.

— மீனு வேவட்டும். இந்த ஆசீர்வாதத்தோட பவுஷு தெரியுமா உனக்கு? எங்கப்பனுக்கு அவங்கப்பன் குடுத்தாரு. கைய எடுக்கறதுக்குள்ள பொண்ணு வூட்டுக்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. அப்பறம் புள்ளைங்க பொறந்த வேகத்துல பேரு வைக்கவே ஆளு கெடைக்கல. வேதத்துல இருந்த பேரெல்லாம் தீந்துபோச்சு. கடைசியில பொறந்த உங்க சித்தப்பனுக்கு ரயில்வே டேசன் பேரைத்தான் வச்சாங்க.

— உளுந்தூர்ப்பேட்டை சித்தப்பாவா?

— அவரு ஊரு இல்லடா அது, பேரு. ஞானஸ்நானம் குடுத்த பாஸ்டரே வாயைப் பொத்திக்கினு சிரிச்சாராம். அப்பேர்ப்பட்ட ஆசீர்வாதம். எனக்கு வந்தப்போ கொஞ்சம் தேஞ்சு வந்துடுச்சு, ரெண்டு புள்ளையோட நின்னுடுச்சு. மொதல்ல பொறந்தவனுக்கு நடக்க வர்ல, பேச்சு வர்ல. ஊரு கண்டபடி பேசுச்சு. தேவன் கைய வுட்டுட்டாருன்னாங்க. சொந்தக்காரங்களே சொன்னாங்க. நான் என்னா பண்ணேன்?

— பேரு வச்ச.

— என்னா பேரு?

— ஆசீர்வாதம்.

— அந்தப் பேரைக் கேட்டு தாலுக்கா பூரா சிரிச்சுது. சிரிச்சவங்க சத்தத்துல மணிமுத்தாத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுச்சு. உங்க அம்மா மட்டும் சிரிக்கல. சரி, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நாளைக்கு நான் பாண்டிச்சேரிக்குப் போறேன். மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்க. முழிக்காம போயிட்டேன்னு வையி.

— அப்படிச் சொல்லாதீங்கப்பா.

— போன வருஷம் நெலாவுல ஆளு எறங்கிட்டான், கெழவன் ஒருத்தன் பாண்டிச்சேரியில முழிக்காமப் போறதா அதிசயம்? அப்படி ஆயிட்டா, நீ எங்க இருப்ப ஆசீர்வாதம்?

— நீ முழிச்சுடுவப்பா.

— உன்னைத்தான் கேக்கறேன். எங்க இருப்ப?

— தம்பி... தம்பி பார்த்துக்குவான்ப்பா.

— தம்பி வூடு சின்னதாச்சே.

— ஒரு ஓரமாப் படுத்துக்குவேன்.

— நீ தூக்கத்துல பொரண்டு பொரண்டு கதவுக்கு வந்துடுவ. போர்வை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ராத்திரி எழுந்து போத்தி வுடணும். கமலம் எழுந்திருக்குமா?

— அது பாவம்ப்பா. ஒடம்பு சரியில்ல.

— தம்பி எழுந்திருப்பானா?

— ...

— ஏன்டா பேச்சைக் காணோம்? ஆசீர்வாதம்னா இந்நேரம் டக்குன்னு சொல்லியிருப்பானே, என் தம்பி எழுந்திருப்பான்னு. நெஞ்சைத் தட்டிச் சொல்லுவானே. நீயும் சொல்லு.

— அப்பா, கைய எடுத்துடுங்க.

— ஏன்?

— இது அவன் தலை இல்லப்பா.

— அப்படியா? யாரு தலை?

— அருமை. அருமைநாயகம். உங்க சின்னப் புள்ள.

— ஓ. டிக்கெட்டுக்காரரா?

— அண்ணனை சேத்தியாத்தோப்புக்கு அனுப்பி வுட்டுட்டு வந்தேன். நாடகம்னு சொன்னேன். அவனேதான் கையில மண்ணு பூசி வுட்டான். தன்னை மாதிரியே இருக்கணும்னு மொகத்துலயும் பூசச் சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. அவன் சட்டையில அவன் வாசனை. அதைப் போட்டுக்கினு அவன் வாயால எப்படிப் பேசறது, தம்பி பார்த்துக்குவான்னு.

— ஏன், அது பொய்யா?

— உங்களுக்குத்தான் தெரியுமே. தெரியாத மாதிரி கேக்கறீங்க.

— எனக்கு என்னா தெரியும், கண்ணு போன கெழவன். தம்பி சொல்லாதன்னு சொன்னான்னு ஒருத்தன் வந்து சொன்னான். என்னா சொல்லக்கூடாதுன்னு கேட்டேன். கட்டிலு வூட்டைப் பத்தின்னான். அவனுக்கு ரகசியம் காக்கத் தெரியும்டா, பாதி வரைக்கும்.

— நல்ல எடம்தாம்ப்பா அது, அண்ணன் மாதிரி ஆளுங்களை வச்சுப் பார்த்துக்கற எடம். வெள்ளைக்காரங்க கட்டினது. மூணு வேளையும் சோறு. தோட்டம் இருக்குது. நீங்க இல்லாம போனா நான் என்னா பண்ணுவேன்? டூட்டிக்குப் போவேனா, கமலத்தைப் பார்ப்பேனா, இவனைப் பார்ப்பேனா? கமலம் பயப்படுது. அவன் பேரைச் சொல்லல, ஆனா பயப்படுது. வயித்துல தங்கற நேரத்துல இவன் கண்ணுல பட்டா அதே மாதிரி ஆயிடுமோன்னு. எவளோ சொல்லியிருக்கா.

— நீ என்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லல. கட்டிலு வூட்டுல அளவெடுத்தாங்கல்ல, அப்போ அவன் கைய ரெண்டையும் தூக்கிக்கினு நின்னான். சிரிச்சான். எனக்குத் துணியெடுக்கறாங்கன்னான். வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சு தூங்கிக்கினு வந்தான்ப்பா. என்னால அசையவே முடியல.

— மீனு நெசமாவே அடுப்புல இருக்குதா?

— இல்ல. சும்மா தண்ணிதான் கொதிக்குது.

— வெறுந்தண்ணியில விரால் கொழம்பு. உங்க அம்மா கூட அந்த அளவுக்குப் போனதில்ல.

— ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சுட்டீங்களா?

— கண்டுபுடிக்கறதா? கொல்லைப்பக்கச் சன்னலுக்குக் கீழ நின்னுக்கினு ரெண்டு பேரும் பேசினீங்க. எனக்குக் கண்ணுதான் போச்சு. காது இருக்குது பாரு, ஸ்ரீமுஷ்ணத்துல எவனாச்சும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவினா இங்க கேக்கும். நான்தான்டா தூண்டில் போட்டேன். விராலுக்கு அவனை அனுப்பினேன். எனக்கு வேண்டிய மீனு தானா வந்து முட்டி போட்டுச்சு, ஒடம்பெல்லாம் மண்ணைப் பூசிக்கினு.

— அப்ப திட்டிட்டு அனுப்பி வுடுங்க. எனக்கு அதுதான் சரி.

— வந்தவன் எதுக்கு வந்தியோ அதை வுட்டுட்டா போவ? உனக்கு என்னா வேணும்?

— அது அண்ணனுக்குச் சேர்ந்ததுப்பா.

— அவன்தான் கொல்லையிலயே சொல்லிட்டானே, எனக்கு எதுக்குன்னு. நீ கேளு. சளி புடிச்ச குரல்ல வேணாம். உன் சொந்தக் குரல்ல கேளு.

— நெசமாத்தான் சொல்றீங்களா?

— நான் என்னைக்கு பொய் சொன்னேன்? கேளு.

— ஆசீர்வாதம் எனக்கு வேணும்ப்பா.

— கேக்கல.

— காது ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் கேக்கும்னீங்க.

— கிட்டத்துல கேக்காது. சத்தமா சொல்லு.

— ஆசீர்வாதம் எனக்கு வேணும்.

— குடுத்தா திருப்பி வாங்க மாட்டேன். ஈசாக்கு கூட வாங்கல. ஏசா அழுது பொலம்பினான், அப்பவும் வாங்கல. பின்னால வந்து கஷ்டமா இருக்குது, கமலம் மொறைக்குதுன்னு சொல்லக்கூடாது.

— கமலம் ஏன்ப்பா மொறைக்கப் போவுது? அது இதுக்காக உபவாசம் இருக்குது.

— அப்ப தலையைக் குனி. கண்ணை மூடு. ஆண்டவரே, எங்கப்பன் எனக்குக் குடுத்ததை நான் இவனுக்குக் குடுக்கறேன். இவன் வூட்டுச் சோத்துப்பானை பெருசாவட்டும். கதவைத் தட்டாம உள்ள ஓடி வர்ற காலு இவன் வூட்டுல இருக்கட்டும். காரணமே இல்லாம சிரிக்கற சத்தம் கேக்கட்டும். தெருவுல போறவன் நின்னு எட்டிப் பார்க்கட்டும். ராத்திரி இவன் எழுந்து போர்வை போத்தி வுடறதுக்கு ஒரு உசுரு இவன் பக்கத்துல படுத்துத் தூங்கட்டும். எழுந்து எழுந்து இவன் கண்ணு செவக்கட்டும், மனசு வெளுக்கட்டும். ஆமென்.

— ஆமென்.

— ஏன்டா அழுவற? மண்ணெல்லாம் கரைஞ்சு என் வேட்டியில வுழுது.

— அப்பா, கொழந்த சிரிக்கற மாதிரியே கேட்டுச்சுப்பா எனக்கு. அண்ணனுக்கு நான் செஞ்சதுக்கு எனக்கு எப்படி இது கெடைக்கும்? கமலத்துக்கிட்ட போயி சொல்லணும். நீங்க வாயால குடுத்துட்டீங்க, இனிமே மாறாதில்ல?

— மாறாது. குடுத்தது குடுத்ததுதான்.

— அப்பா. அப்பா. விராலு. இங்க பாரு, இன்னும் வாலை ஆட்டுது. பக்கிரி எதிர் பஸ்ஸுல வந்த மீன்காரிகிட்டயே வாங்கிக் குடுத்துட்டாரு, ஆசீர்வாதத்தைக் கம்மாபுரத்துலயே எறக்கி அந்த பஸ்ஸுலயே திருப்பி அனுப்பிட்டாரு. தம்பி, நீ இங்கதான் இருக்கியா? நாடகம் முடிஞ்சுதா?

— முடிஞ்சுது ராசா. மீனை வாளியில வுடு. வுட்டுட்டு உன் துணிமணியெல்லாம் எடுத்து மூட்டை கட்டு. போர்வையை மறந்துடாத.

— எதுக்குப்பா? கட்டிலு வூட்டுக்கா?

— இல்லடா, உன் தம்பி வூட்டுக்கு. நீ வர்ற வரைக்கும் இங்க முட்டி போட்டுக்கினு உன்னையத்தான் கேட்டுக்கினு இருந்தான், கண்ணுல தண்ணி வுட்டுக்கினு, 'ஆசீர்வாதம் எனக்கு வேணும், ஆசீர்வாதம் எனக்கு வேணும்'னு.